தண்ணீரை விரும்பும் கல்

ராக்காயியின் அடுப்பில் குகநேசன் கல் வேகவைத்துக்கொண்டிருந்தான். ரோட்டு வேலையைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் உத்தியோகத்தன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் இந்த லயத்துக்கு வரப்போகும் காபட் தார் ரோட்டுக்கான கல்தான், தார் ஒட்டி நிற்குமா என்று பார்க்கக் கொதித்தது. ஒரு சட்டியில் வெறும் தார் பூசிய கல், மற்றதில் பொலிமர் கலந்த தார் பூசிய கல்.

"எப்ப சேர் எறக்கிப் பரிமாறப் போறீங்க?" என்று ராக்காயி சிரித்தாள். மகள் ஜீவராணி சிரிக்கவில்லை. அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். முதல் பிள்ளை, வண்டி ஏறாத இந்த மேட்டில் அவளைக் கம்பளியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியிலேயே போய்விட்டது.

சட்டிகளை இறக்கினார்கள். முதலாவதில் தார் மேலே மிதந்தது. கற்கள் வெளுத்துக் கிடந்தன. மற்றதில் கறுப்பு அப்படியே இருந்தது.

"இது அமிலக் கல் அம்மா. தாரைவிடத் தண்ணியிலதான் இதுக்கு விருப்பம். பொலிமர் கலந்தாத்தான் தார் பிடிச்சு நிக்கும்."

படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினான். அவர்கள் அதைப் பார்த்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். திட்டத்தில் பொலிமர் இல்லை, இப்போது போடாவிட்டால் ரோட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்று பதில் வந்தது.

"போட்டுருங்க சேர்," என்றாள் ராக்காயி. "இவ பெத்துப் பொழைக்கிற வரைக்கும் நின்னா போதும்."

போட்டார்கள். ஆட்டோ முதல்முறையாக லயத்து வாசலில் வந்து நின்றபோது ராக்காயி அழுதேவிட்டாள். குகநேசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அவன் வந்தபோது, லயத்துப் பெண்கள் வரிசையாக நின்று ரோட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசல் தெளிக்கிற பழக்கம்; வாசல்வரை ரோட்டு வந்துவிட்டதால் அதற்கும் சேர்த்தே ஊற்றினார்கள். ராக்காயி வாளி வாளியாக ஊற்றி விளக்குமாற்றால் தேய்த்தாள். வளைவில் கற்கள் கழன்று உருண்டு கிடந்தன.

"அம்மா, தண்ணி ஊத்தாதேங்கோ! கழண்டு போகும்."

அவள் வாளியை அப்படியே வைத்தாள். "ஐயோ, ஆசுபத்திரி வண்டி வர்ற வழின்னு தெனமும் ஊத்துனேனே சேர்! நானே கெடுத்துட்டேனா?"

உங்களால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் கேட்டாள்.

"அப்ப மழ பேஞ்சா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கொத்மலைப் பக்கத்து மலைகள் ஏற்கெனவே மழை மூட்டத்தில் மறைந்துவிட்டன. கொழுந்து பறிக்கும்போது நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கை ராக்காயி உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். வளைவில் கழன்ற இடத்தின்மேல் அதை விரித்து ஒரு முனையைப் பிடித்தாள். மற்றப் பெண்களும் தங்கள் படங்குகளோடு ஓடி வந்தார்கள். பைத்தியக்கார வேலை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

வாசலில் ஜீவராணி வயிற்றில் கை வைத்து நின்றாள். மழை மேட்டில் ஏறி வந்தது. படங்குக்கு அடியில் புகுந்து ஓடிய தண்ணீரோடு ஒரு கல் உருண்டு வந்து குகநேசனின் சப்பாத்தில் தட்டி நின்றது. அதில் ஒரு பொட்டுத் தார்கூட இல்லை.