முப்பத்தைந்தா, இருபத்தெட்டா

திருச்சி பஸ்ஸின் கண்டக்டர் பார்சலைக் கையில் கொடுத்துவிட்டு, "உள்ள என்ன சார், வெடிகுண்டா? கடைக்காரரு மடியிலயே வச்சுக்கிட்டுப் போவச் சொன்னாரு" என்று சிரித்தார். மணிமாறனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அடுத்தடுத்து முகூர்த்தம், அத்தனைக்கும் போட்டோ எடுத்தது அவன்தான். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. விட்டால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தூங்கிவிடுவான்.

பார்சலில் இருந்தவை இரண்டு லென்ஸ்கள். ஒன்று முப்பத்தைந்து மில்லிமீட்டர், இன்னொன்று இருபத்தெட்டு. எண் குறையக் குறைய படத்தில் அகலம் கூடும். "ரெண்டையும் மாட்டிப் பாருங்க. புடிச்சத வச்சுக்கிட்டு மத்தத நாளைக்கு இதே பஸ்ஸுல போட்டு வுடுங்க" என்று திருச்சி கேமராக் கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

கல்யாணங்களுக்கு எடுப்பதெல்லாம் டிஜிட்டல். அது பிழைப்பு. தனக்கென்று அவன் வைத்திருந்தது பிலிம் போடுகிற ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதற்கு இருந்த ஒரே லென்ஸ் ஐம்பது மில்லி. ஆள் முகத்துக்கு அது அருமையானது. ஆனால் இப்போது அவனுக்கு வேண்டியது முகமல்ல, ஒரு கூடம். செட்டிகுளத்தில் அவன் பிறந்த வீட்டின் கூடம். நாளைக் காலையில் கொத்தனார் முத்துசாமி வந்து அதற்கு நடுவே சுவர் எழுப்பப் போகிறார்.

அண்ணன் அண்ணாதுரையோடு பேச்சு நின்று நான்கு வருடம் ஆகிறது. கிணற்று மோட்டாரை யார் முறையில் யார் ஓட்டினார்கள் என்று ஆரம்பித்தது. இப்போது கேட்டால் இரண்டு பேருக்குமே சரியாகச் சொல்ல வராது. சின்ன வெங்காய வியாபாரம் அண்ணனுடையது, ஸ்டுடியோ தம்பியுடையது. ஒரே வீட்டில் இருந்தும், ஒருவர் வெளியே வந்தால் இன்னொருவர் உள்ளே போய்விடுவார். பஞ்சாயத்து பேசப் பேச அலுத்துப்போய், சுவர் வைப்பது என்று முடிவானது. மணிமாறன் மறுத்துப் பேசவில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. சுவர் வரட்டும், அதற்கு முன்னால் முழுக் கூடமும் ஆட்களோடு ஒரு படத்தில் இருக்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கொத்தனார் நூல் கட்டிவிட்டுப் போயிருந்தார். மணிமாறன் தன் பக்கக் கடைசியில் போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். முதலில் முப்பத்தைந்தை மாட்டினான். கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஜன்னலுக்குள், படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. மூக்குக்கண்ணாடி போட்ட அவன் கண்ணுக்கும் நான்கு மூலையும் சுத்தமாகக் கிடைத்தன. ஆனால் கூடம் கொள்ளவில்லை. அண்ணன் பக்கத்துத் தூணும் பரணும் வெளியே நின்றன. பின்னால் போகலாமென்றால் முதுகில் சுவர்.

இருபத்தெட்டை மாட்டினான். கூடம் முழுவதும் வந்துவிட வேண்டும், கணக்குப்படி. ஆனால் அந்தக் கோடுகள் ஜன்னலின் ஓரத்தோடு ஓரமாகக் கிடந்தன. கண்ணாடியோடு பார்த்தால் ஒரு பக்கம் தெரியும்போது மறுபக்கம் மறைந்தது. ஓரத்தில் யாராவது நின்றால் முகம் வேறு கொஞ்சம் இழுபட்டுப் போகும். மனைவி பூங்குழலியை ஓரத்தில் நிற்கச் சொல்லிப் பார்த்தான்.

"ஏங்க, எவ்வளவு நேரம் நிக்கிறது? கால் வலிக்குது."

"இதுல குத்துமதிப்பாத்தான் எடுக்க முடியும்."

"அப்ப அந்த இன்னொன்ன வச்சு எடுங்க."

"அதுல எடுக்கணும்னா இன்னும் பின்னால போவணும்."

"போங்க."

"எங்க போறது? இங்க செவுரு. பின்னால போவ வாசல் இருக்குறது அந்தப் பக்கம்தான்."

கூடத்தின் அந்தக் கடைசியில் நேராக இருந்தது அண்ணன் அறையின் வாசல். வாசற்படி தாண்டி ஓர் அடி உள்ளே நின்றால் முப்பத்தைந்தில் கூடம் மொத்தமும் அடங்கும். இருபத்தெட்டு என்றால் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஆளில்லாத கூடத்தைக் குத்துமதிப்பாக எடுத்துவிட்டுப் படுத்துவிடலாம். படுக்கத்தான் உடம்பு கெஞ்சியது. பூங்குழலி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெருமூச்சு விட்டு முப்பத்தைந்தைத் திரும்ப மாட்டினான். நூலைத் தாண்டிப் போய் அண்ணன் கதவைத் தட்டினான்.

அண்ணாதுரைதான் திறந்தார். சாக்கு மூட்டையெல்லாம் தூக்கிவிட்டு வந்த உடம்பு, அவரும் நிற்கமாட்டாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கூடத்தப் படம் எடுக்கணும்ணே. ஒரு அடி உள்ள நின்னுக்கவா?"

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். நகர்ந்து வழி விட்டார்.

வெங்காய வாடை அடிக்கும் அந்த அறையில் நின்று மணிமாறன் திரும்பிப் பார்த்தான். இங்கிருந்து பார்த்தால் கண்ணில் படுவது கூடத்தின் பக்கச் சுவரில் இருந்த தன் அறைக் கதவு. நான்கு வருடமாகச் சாத்தியே கிடக்கும் கதவு. அண்ணன் தினமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

அண்ணன் தூண் ஓரமாகப் போய் நின்றார், அண்ணி பாப்பாத்தியும் வந்து பக்கத்தில் நின்றாள். நூலுக்கு அந்தப் பக்கம் பூங்குழலி, அவளை ஒட்டி மகள் இலக்கியா. வெள்ளைக் கோட்டுக்குள் எல்லாம் இருந்தது. மூச்சைப் பிடித்து அமுக்கினான். பிலிமைச் சுற்றி இன்னொன்று, அப்புறம் இன்னொன்று.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கிப் பார்த்து முடியாமல், "தம்பி, மூடியக் கழட்டலயே!" என்றாள்.

லென்ஸின் மூடி போட்டபடியே இருந்தது. இந்த ரகக் கேமராவில் பார்க்கிற ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. லென்ஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஜன்னலில் உலகம் ஜோராகத் தெரியும். ஊரெல்லாம் மாப்பிள்ளை பெண்ணை நிற்க வைத்து அதிகாரம் பண்ணுகிறவனுக்குக் காது மடல் சிவந்தது.

"திருச்சிலேர்ந்து லென்ஸு வரவழச்சு, இருட்டப் படம் புடிக்கிறாரு" என்று பூங்குழலி சேர்ந்துகொண்டாள். இரண்டு பெண்களும் நூலுக்கு இருபுறமும் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நிறுத்த முடியவில்லை அவர்களால்.

அண்ணாதுரை சிரிக்கவில்லை. கிட்டே வந்து கையை நீட்டினார்.

"குடு. எங்க அமுக்கணும்னு சொல்லு. நீ இல்லாம என்னடா கூடம்?"

"நீங்க நில்லுங்கண்ணே, நான்…"

"குடுறா."

மணிமாறன் மூடியைக் கழற்றினான், வெளிச்சத்துக்கும் தூரத்துக்கும் சரி செய்தான். "வெள்ளக் கோட்டுக்குள்ள வர்றதுதான் படம்ணே" என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போய் அண்ணிக்கும் பூங்குழலிக்கும் நடுவில் நின்றான். நூல் முழங்காலில் உரசியது.

அண்ணாதுரை கேமராவைக் கண்ணில் வைத்தார். வெள்ளைக் கோட்டின் நான்கு மூலையையும் பார்த்தார்.

"எல்லாரும் வந்துட்டீங்க" என்றார்.

டக்கென்று சத்தம் கேட்டது. இலக்கியா ஓடப் பார்த்தாள், மணிமாறன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். அண்ணன் கேமராவை இன்னும் இறக்கவில்லை. கல்யாண வீடுகளில் பெண்ணை அனுப்பும்போது தன் கண் கலங்குவதை யாருக்கும் காட்டாமல் இப்படித்தான் அவனும் கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

"அப்படியே நில்லுங்க" என்றார் அண்ணாதுரை. "இன்னும் கொஞ்ச நேரம்."

அவர்கள் நின்றார்கள்.