ஐந்து மணி பஸ்ஸில் வரும் பல்பு

மெக்கானிக் சர்தார் பாய் புல்லட்டின் ஹெட்லைட் வளையத்தின் திருகைக் கழற்றிக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது உள்ளேயிருந்து ஒரு பிடி பூச்சி உதிர்ந்தது. ஈசல் இறகுகள், கொசு, நெல்வயலில் பறக்கும் பச்சைப் பூச்சி, காலை மடக்கிக்கொண்டு காய்ந்துபோன கறுப்பு வண்டு ஒன்று. பாய் அவற்றை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் காட்டினார். இறகுகள் மட்டும் இன்னும் உயிரோடு இருப்பவை போல மினுங்கின.

"இன்னா சார் இது, வெளக்குக்குள்ள ஒரு ஊரே செத்துக் கெடக்குது. வளையம் நெளிஞ்சிருக்குது பாருங்க. வெளிச்சத்தப் பாத்து உள்ள பூந்துடுதுங்க. பூந்தது வெளிய வர வழி தெரியாம பொசுங்கிப் போவுது."

அப்பாண்டைராசன் தலையை மட்டும் ஆட்டினான். ஆறு மாதமாக எல்லாவற்றுக்கும் அந்தத் தலையாட்டல்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களை எழுதிக் கையெழுத்துக்கு வைக்கும்போதும், டீக்கடையில் சர்க்கரை போடாத டீயைக் கொடுத்துவிட்டு கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டபோதும் அதேதான். டீயில் சர்க்கரை இல்லை என்பது அவனுக்குக் குடித்து முடித்த பிறகும் தெரியவில்லை.

அவனுடைய புல்லட்டுக்கு நாலு வயது. எண்பத்தொன்றில் சிரவணபெளகொளாவில் கோமட்டேசுவரர் சிலைக்கு மகாமஸ்தகாபிஷேகம் நடந்தபோது அவனும் மனைவி மாலினியும் அதில்தான் போய் வந்தார்கள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் தகரப் பெட்டிகளை அந்தப் பயணத்துக்காக அளவெடுத்து அடித்துக் கொடுத்தவர் சர்தார் பாய். ஒன்றில் துணிமணி, மற்றதில் ஸ்டவ்வும் அரிசி பருப்பும். போக மூன்று நாள், வர மூன்று நாள். இடையில் வண்டி நின்றுபோனதா என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். வண்டி நிற்கவில்லை, மாலினிதான் நிறுத்தினாள். சமணர்களான நயினார் வீடுகளில் பொழுது விழுந்தபின் சாப்பிடுவதில்லை. விளக்கைத் தேடி வரும் உயிர் எதுவும் சோற்றில் விழுந்து சாகக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். மாலினி அதை வண்டிக்கும் நீட்டிவிட்டாள். "சோத்துல விழுந்தா பாவம், வண்டி வெளிச்சத்துல அடிபட்டா மட்டும் புண்ணியமா?" என்பாள். நாலரை மணிக்கெல்லாம் ஏதாவது ஓர் ஊரில் இறங்கிவிடுவார்கள். ஊருக்கு வெளியே மரத்தடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு, ஏனத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இருட்டும் வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்போது மாலினி பாறைகள் ஒவ்வொன்றாக நிறம் இழப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே மூன்று வருடம் அந்த ஹெட்லைட் சாலையில் எரிந்ததே இல்லை. மஞ்சள் காமாலை வந்து, பதினொரு நாளில், மேல்சித்தாமூரில் அவள் அம்மா வீட்டு உள்ளறையில் மாலினி போய்ச் சேர்ந்த பிறகுதான் அது எரிய ஆரம்பித்தது.

"ரெண்டு மாசத்துல இது மூணாவது பல்பு சார்." பாய் பின்பக்கப் பிடியை அழுத்தித் திருப்பி பல்பை வெளியே எடுத்தார். கண்ணாடி உட்பக்கம் கரிபிடித்திருந்தது. "நாம சாப்புடற மாதிரி உங்க வண்டி பல்பு சாப்புடுது. பாட்டரி மூடியத் தெறந்து பாத்தீங்களா? தண்ணி சுத்தமா வத்திப் போயிருக்குது. பாட்டரி தாங்கலன்னா டைனமோ கரண்டு மொத்தமும் பல்பு தலையிலதான் எறங்கும். எத்தினி நாளைக்குத் தாங்கும் அது?"

"ஊத்தணும்னு தோணல பாய்."

"தோணாது, தோணாது." பாய் பாட்டரியில் தண்ணீரை ஊற்றி மூடினார். கந்தல் துணியால் கண்ணாடியின் உள்பக்கத்தை வட்டமாகத் துடைத்தார். செஞ்சியில் அந்த பல்பு கிடைக்கவில்லை. காலையிலேயே கண்டக்டர் முருகையனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். திண்டிவனத்தில் வாங்கிப் பைக்குள் போட்டு, ஐந்து மணி பஸ்ஸில் கொண்டுவந்து ஷெட் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். ஐந்து மணி பஸ் என்றால் ஐந்தரைக்கு வரும். கார்த்திகை மாதம். ஐந்தே முக்காலுக்கு இருட்டத் தொடங்கிவிடும்.

அப்பாண்டைராசனுக்கு அது தோதாகத்தான் இருந்தது. இருட்டியபின் கிளம்புவதுதான் அவன் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். ஷெட்டின் மரப்பெட்டி மீது உட்கார்ந்து மேற்கே பார்த்தான். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை, வெயில் தாழத் தாழ, பாறையாக இல்லாமல் யாரோ குவித்துவைத்த சாம்பல் போலத் தெரிந்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மலைக்கு மேல் ஒரு பருந்து இறக்கை அசைக்காமல் நின்றது. கோட்டைக்குள் இருக்கும் கல்யாணமகாலின் அடுக்குகளுக்குள் வெளிச்சம் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் அவனுக்கு ஒரு கண்ணாடிக்கு அப்பால் நடப்பவை போல இருந்தன.

மாலினியின் அம்மா பாக்கியவதி அத்தை மேல்சித்தாமூர் வீட்டில் தனியாக இருந்தார். ரத்த அழுத்த மாத்திரை அந்த ஊரில் கிடைக்காது. வாரம் ஒருமுறை வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது அவன் வேலை. காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிறன்று மூன்று மணிக்கே போய்விட்டான். அத்தை இலை போட்டார். பூசணிக்காய்க் கூட்டு, எள்ளுத் துவையல். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. மாலினி சமைத்தது போல இல்லை, மாலினி சமைத்ததேதான். அதே உப்பு, மிளகை அரைகுறையாக நசுக்கும் அதே கை. வாயிலிருந்த சோற்றோடு எழுந்து தோட்டத்துக்குப் போய்க் கிணற்றடியில் துப்பிவிட்டு வந்தான். ஆறு மாதத்தில் அவன் உடம்புக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாரத்திலிருந்து பொழுது விழுந்தபின் போனான். டியூஷன் எடுப்பதாகச் சொல்லிவிட்டான். இருட்டிவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு கிடையாது, இலை கிடையாது. அத்தை தன் சாப்பாட்டை எப்போதோ முடித்திருப்பார். வாசலில் நின்றபடி மாத்திரையைக் கொடுத்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம். திரும்பும் வழி அவனுக்குப் பிடித்திருந்தது. முன்னால் ஒரு மஞ்சள் வட்டம், அதற்குள் பத்து கஜம் சாலை, அவ்வளவுதான் உலகம். புளியமரங்கள் வட்டத்துக்குள் வந்து வந்து கரைந்தன. முகத்தில் பூச்சிகள் மோதின. தூங்கிக்கொண்டே ஓட்டுவது போல இருக்கும்.

"யாரு, மாப்ள நயினாரா? இங்க இன்னா குந்திக்கினு இருக்கீங்க?"

துணிப்பையும் வெற்றிலை வாயுமாக வள்ளியம்மாள் ஷெட் நிழலுக்குள் நுழைந்தாள். மேல்சித்தாமூரில் அத்தையின் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்து, கடலை பிடுங்குபவள், வீடு வாசலும் பெருக்குபவள். செஞ்சியில் பிரசவமான மகளைப் பார்க்க வந்திருக்கிறாள். அவளும் அதே ஐந்து மணி பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தாள். அதுதான் திரும்பித் திண்டிவனம் போகும், வல்லத்தில் இறங்கி அவள் நடந்துவிடுவாள்.

"பேரனா பேத்தியா?" என்றார் பாய்.

"பேத்தி பாய். பொறந்ததுல இருந்து கண்ணத் தெறக்காம கத்துது. எம் மருமவன் கொரலு அப்பிடியே." பையை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். "இன்னா, கண்ணப் புடுங்கி வச்சிருக்கீங்க?"

"பல்பு போச்சு. பஸ்ல வருது," என்றான் அப்பாண்டைராசன்.

"அப்ப இன்னிக்கும் லேட்டுதான்." அவள் சிரித்தாள். "நல்லதுதான் போங்க. நாளைக்குக் காலையில எங்க வூட்ல விருந்து."

"அது இன்னா விருந்து?" என்றார் பாய், துடைப்பதை நிறுத்தாமல்.

"உங்களுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழம ஆனா அந்த அம்மா மத்தியானமே அடுப்ப மூட்டிடும். கூட்டு, தொவையலு, பாயசம் ஒரு நாளைக்கு. மாப்ள வந்தா சேந்து சாப்புடலாம்னு இலைய நறுக்கி வச்சிக்கினு வாசப்படியில குந்தினு இருக்கும். வெயிலு எறங்க எறங்க எழுந்து எழுந்து ரோட்டப் பாக்கும். பொழுது உழுந்துட்டா சரின்னு எல்லாத்தையும் மூடி வச்சிட்டு எழுந்துக்கும். விடிஞ்சதும் சட்டியோட எங்கிட்ட குடுத்துடும். அஞ்சாறு மாசமா உங்க புண்ணியத்துல எங்க வூட்ல எல்லாரும் பெருத்துட்டோம்."

"அத்தை சாப்பிட்டிருப்பாங்களே."

"எங்க சாப்புடுது? மாப்ள வரலியே, மொதல்ல எப்பிடிக் குந்தறதுன்னு வெயிட்டு பண்ணும். பொழுது போனப்புறம் உங்க சாதியில தண்ணி கூடத் தொடமாட்டீங்களே. வெறும் வயித்துல மாத்திரையப் போடக்கூடாதுன்னு அன்னிக்கு மாத்திரையும் கெடையாது." வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்தாள். "நான் கூடக் கேட்டேன், நீ சாப்புட்டா மாப்ள கோச்சிக்குமான்னு. 'ஒருத்தியா சாப்புடத்தான் வாரத்துல ஆறு நாளு இருக்குதேடி' ன்னுது. ஏன் மாப்ள, அந்த டியூசன் பசங்களுக்கு ஞாயித்துக்கெழம சாயங்காலந்தான் கெடச்சிதா?"

சர்தார் பாயின் கை கண்ணாடியில் நின்றது. ஆறு மாதமாக ஞாயிறு மூன்று மணிக்கு வந்து, இருட்டும்வரை அந்த மரப்பெட்டியில் எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனை அவருக்குத் தெரியும். அவர் அப்பாண்டைராசனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தாக ஐந்து நிமிஷம். பொழுது விழுந்தபின் சாப்பிடுவதில்லை என்ற வழக்கத்தை ஒரு கதவு போலச் சாத்திக்கொண்டு அதன் இந்தப் பக்கம் இருந்தான். அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றவில்லை. எண்ணிப் பார்த்தான். இருபத்து மூன்று ஞாயிறு. அவன் வாசலில் நின்று மாத்திரையை நீட்டும்போதெல்லாம், "சாப்டீங்களா அத்தை?" என்று கேட்டிருக்கிறான். "ஆச்சு மாப்ள," என்று சொல்லியிருக்கிறார். அந்த 'ஆச்சு' ஒவ்வொன்றும் இப்போது வரிசையாக வந்து எதிரில் நின்றது.

எழுந்தான். "கண்ணாடிய மாட்டிடுங்க பாய்."

"பல்பு வரட்டும் சார். அரை மணி."

"அப்படியே மாட்டுங்க. உள்ள ஒண்ணும் வேணாம்."

"வெளக்கு இல்லாம எப்பிடித் திரும்புவீங்க? அந்த ரோட்டுல கரும்பு லாரி கண்ணு மண்ணு தெரியாம வருவான்."

"திரும்பல."

சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவனுக்கே முழுதாகப் பட்டது. ராத்திரி அங்கேதான் தங்கவேண்டும். அந்தக் கூடத்தில் கோரைப்பாய் விரித்துப் படுக்கவேண்டும். உள்ளறைக் கதவு கண் எதிரில் இருக்கும். பாதியில் எழுந்து ஓடிவர ஹெட்லைட் கிடையாது. அவன் மரப்பெட்டி மேலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பாய் வெற்றுக் கண்ணாடியை மாட்டி, வளையத்தை அழுத்தி, திருகை இறுக்கினார். "காலையில வாங்க. பல்பு எடுத்து வைக்கறேன்," என்றார். வள்ளியம்மாளிடம், "ஏறிக்கிறியா பின்னால? ஊர்ல எறக்கி வுட்டுடுவாரு," என்றார்.

"ஐயோ, நான் குந்தினா வண்டி மல்லாந்துக்கும். ஊரு வேற ஒரு மாசத்துக்குச் சிரிக்கும். நீங்க போங்க மாப்ள, பைய போங்க." அவளுக்கு எதுவும் புரியவில்லை. நாளைய விருந்து போச்சு என்பது மட்டும் புரிந்தது. "பாயசம் வச்சிருந்தா ஒரு வாய் மிச்சம் வையுங்க!"

மூன்றாவது உதையில் வண்டி எடுத்தது. பஸ் எதிரில் வந்தால் முருகையன் கையைக் காட்டி நிறுத்துவார், நிற்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டான். ஆனால் பஸ் வரவில்லை. சாலை கிழக்கே போனது. கோட்டை மூன்று மலைகளோடும் பக்கக் கண்ணாடிக்குள் ஏறிக்கொண்டு, அவன் போகப் போகச் சிறுத்தது. சூரியன் முதுகில் இருந்தது. எதிரில் அவன் நிழல், வண்டியும் பெட்டிகளும் தலையுமாக, சாலை மேல் நீளமாக விழுந்து ஓடியது. நிழல் இருக்கும்வரை பொழுது இருக்கிறது. அவன் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிழலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். மேகம் மறைத்த ஓரிடத்தில் அது அழிந்துவிட்டது. அவன் ஆக்சிலரேட்டரை முறுக்கினான். கொஞ்ச தூரம் வண்டி எதன் மீது போகிறது என்று தெரியவில்லை. காற்றுச் சத்தம் கூட நின்றுபோனது. பிறகு மெல்ல, தண்ணீரில் சாயம் பரவுவது போல, நிழல் மறுபடி ஊறி வந்தது.

வல்லத்தில் இடப்பக்கம் திரும்பியதும் நிழல் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. சாலையை விட்டு இறங்கி வயலுக்குள் அவன் கூடவே வந்தது. மல்லாட்டைக் கொடி, வரப்பு, கதிர் முற்றாத நெல், ஒரு கிணற்றுச் சுவர் எல்லாவற்றின் மேலும் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. வேறு யாரோ தங்கள் வழியில் தங்கள் வண்டியில் வருவது போல இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றான். பிறகு பார்த்தான். கன்னத்தில் ஈரம் காற்றில் பின்னோக்கி ஓடியது. கண்ணில் பூச்சி விழுந்திருக்கும் என்று நினைத்தான். பூச்சி வரும் நேரம் இன்னும் ஆகவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது நிழல் எங்கே போனது என்று தெரியவில்லை. தெருவெல்லாம் ஒரே சாம்பல் நிறம். வண்டிச் சத்தத்துக்கு பாக்கியவதி அத்தை வாசற்படியிலிருந்து எழுந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தவர் முதலில் தெருக்கோடியில் நிற்கும் பார்சுவநாதர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். அவனும் பார்த்தான். கோபுரம் முழுக்க இருண்டு, கலசங்களுக்குக் கீழே மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் இருந்தது.

"வாங்க மாப்ள, வாங்க. பொழுது இன்னும் போவல. கைய நீட்டுங்க, சீக்கிரம்," என்றார். குரல் உடைந்து, அதட்டல் போல வந்தது. செம்பை எடுத்துச் சாய்த்தார். அவன் இரண்டு கையையும் நீட்டினான். தண்ணீர் சில்லென்று விரல்களுக்குள் இறங்கியது. இரண்டு பேர் கண்ணும் கோபுரத்தின் மேலேயே இருந்தன.