மணிக்கம்பியின் தாமதம்

எஸ்டேட் மேனேஜர் ஜோஜோ சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னபோதே யோகப்பிரியாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஒரு ஆளை வேலையைவிட்டு அனுப்பப் போகிற அதிகாரிக்கு எதற்கு இத்தனை மரியாதை?

வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள அந்த எஸ்டேட்டில், தேயிலைக் கொழுந்து மூட்டைகள் கம்பிவடத்தில் தொங்கியபடி மலையிலிருந்து ஃபேக்டரிக்கு இறங்கும். மேலே மூட்டை மாட்டுகிறவர் ஒரு இரும்புக் கம்பியை இழுத்தால் கீழே மணி அடிக்கும். கீழே நிற்கும் பாண்டித்துரை உடனே மெஷினை நிறுத்த வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மேலே மூட்டை மாட்டிய சூசையப்பனின் இடது கை வடம் ஓடும் உருளையில் மாட்டி, இரண்டு விரல் போய்விட்டது. பாண்டித்துரை போன் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் என்று பேச்சு. அது உறுதியானால் வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாண்டித்துரை அவளுடைய அப்பா. அவளோ பாலக்காட்டில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவள். மீள்தன்மையுள்ள திடப்பொருள்கள் சிறப்புச் சார்பியலில் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆய்வேடு எழுதியவள். அந்தத் தெம்பில்தான் அப்பாவுக்காகப் பேச வந்திருந்தாள்.

"சார், இந்த முனையை இழுத்தா அந்த முனை உடனே அசையாது. எவ்வளவு கெட்டியான இரும்பும் துளி நீளும், பெறகுதான் அடுத்த பாகம் நகரும். ரெண்டு முனையும் ஒரே நேரத்துல அசைஞ்சா, சேதி ஒளியை முந்திப் போயிரும். அதை எதுவும் முந்த முடியாது. அதனால கொஞ்சம்கூட நீளாத பொருள்னு உலகத்துலயே ஒண்ணு கிடையாது. தாமதம் கம்பியோடது, அப்பாவோடது இல்ல."

ஜோஜோ தலையாட்டிக் கேட்டார். அந்தத் தலையாட்டலும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சரி. கம்பி ஆயிரத்து இருநூறு மீட்டர். எவ்வளவு நேரம் எடுக்கும்?"

இரும்பில் அசைவு ஒரு நொடிக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும். மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். வீட்டிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. அப்பா மேல் இருந்த நம்பிக்கையில் போடாமல் வந்துவிட்டாள்.

"கால் செகண்ட், சார்."

அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். அன்றைய கேமராப் பதிவு ஓடியது. அதில் எதையாவது வெட்டி ஒட்டியிருப்பார்களோ என்று கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மணி ஆடியது. அப்பா கையில் போன் இல்லை. மெஷின் விசையின் மேல்தான் கை இருந்தது. மணியையே பார்த்துக்கொண்டு நின்றார். முழுசாக நான்கு நொடி கழித்து நிறுத்தினார்.

இப்போது அவளுடைய சந்தேகம் பக்கத்து நாற்காலிக்கு வந்தது. அதற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"மணி கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு."

"பெறகு ஏன் உடனே நிறுத்தல?"

பாண்டித்துரை தரையைப் பார்த்தார். "காத்தடிச்சா அது தானா ஒரு தடவ அடிக்கும்மா. ஒவ்வொண்ணுக்கும் நிறுத்துனா வேலை நடக்காது. முதல் மணிக்கே நிறுத்தணும்னு ஆபீஸ்ல போர்டு வச்சாங்க. நாங்க கேக்கல. ரெண்டாவது மணிக்குத்தான் நிறுத்துவோம். சூசைக்கும் தெரியும்."

"ரெண்டாவது மணி அடிச்சுச்சா?"

"இல்லம்மா. மாட்டுன கையைப் பிடிச்சு இழுக்கத்தான் அவன் இன்னொரு கை போயிருக்கு. நான் கீழ நின்னு, காத்துதான்னு நெனச்சுட்டேன். பெறகு மனசு கேக்காமத்தான் நிறுத்துனேன்."

ஜோஜோ பேனா மூடியைத் திறந்தார். எழுதுவதற்கு முன் யோகப்பிரியாவைத்தான் பார்த்தார்.

"எழுதுங்க சார்," என்றார் பாண்டித்துரை. "வீட்டை எப்பக் காலி பண்ணணும்?"