மடிப்புக்குள் திரும்பிய கிளை

இன்று காலை, பழ ஈயின் மூளைப் படத்தில் வலது பாதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நீல நிறத்தில் ஒரு மெல்லிய நரம்புக் கிளை சட்டென்று கீழே திரும்பியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கசகசாவில் பாதிகூடத் தேறாத மூளை அது. ஆயிரக்கணக்கான ஏடுகளாகச் சீவிப் படமெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நரம்பு செல்லுக்கும் ஒரு நிறம் கொடுத்து ஏடு ஏடாகத் தொடர்வது கம்ப்யூட்டர். அது தப்பாக ஒட்டியதைப் பிரிப்பதும், விட்டுவிட்டதைச் சேர்ப்பதும் எங்கள் குழுவின் வேலை. குழுவுக்கு மேற்பார்வை நான்.

குழுவில் முன்பு ஒருத்தி இருந்தாள். எல்லாவற்றையும் நின்று நின்று பார்ப்பாள். ‘சந்தேகம்’ என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான். இடது பாதியில் ஓர் ஏடு மடிந்துபோயிருந்தது. அந்த இடத்தைக் காட்டத்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, இது ஒரு செல் இல்ல, ரெண்டு. மெலிசா இருக்கிறது மடிப்புக்குள்ளயே கீழ திரும்புது, பாருங்க.”

“மடிப்புல எல்லாம் அப்படித்தான் தெரியும். உன்னோட இதே ரோதனையாப் போச்சு. அடுத்ததப் பாரு.”

மூன்று முறை பிரித்து அனுப்பினாள். மூன்று முறையும் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் மறுத்தேன். நான் மறுப்பதெல்லாம் அவள் செய்த பிழையாகப் பதிவாகும். வருடக் கடைசியில் பிழை அதிகம் என்று அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த உத்தரவுத் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். மூக்குக்கு மேல் கோபம் வரும் எனக்கு. அன்று அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இடதில் இருக்கும் செல்லுக்குப் பெரும்பாலும் வலதிலும் ஒரு ஜோடி இருக்கும். இன்று பார்த்த வலதில் மடிப்பே இல்லை. இரண்டு செல்கள் பளிச்சென்று தெரிந்தன. மெல்லியது அவள் சொன்ன அதே இடத்தில்தான் திரும்பியது. பாவி நான், அன்று ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் போன் போட்டேன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையாம்.

“நீ சொன்னதுதான் சரி. ரெண்டு செல்தான். நான் பாக்காமலே மறுத்துட்டேன். தப்பு என்மேலதான்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“அந்த மெலிசு எங்க போய் முடியுதுக்கா?”

“இன்னும் பாக்கல.”

“பாத்துச் சொல்லுங்க. ரெண்டு வருஷமா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு. இருங்க, கண் பாக்க ஆள் வந்துட்டாங்க.”

போனை அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டாள்.

இடது பாதியைத் திறந்து, ஒன்றாக ஒட்டியிருந்த செல்லை இரண்டாகப் பிரித்தேன். ‘கண்டறிந்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. அழித்துவிட்டு அவள் பெயரை அடித்தேன். அப்படி ஒருவர் இல்லை என்றது கம்ப்யூட்டர். கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடி அந்தக் கிளையின் பின்னால் ஏடு ஏடாகப் போனேன். அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

“இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்ட கண்ணாடியா? அவசரமே இல்ல. திரும்பப் போட்டுக் காட்டறேன், நிதானமாப் பாத்துச் சொல்லுங்க.”