நேசகுமார் ஐயரின் வயிறு

நேசகுமார் ஐயருக்கு முழு வயிறு இருந்த காலத்தில், அவர் பந்தியில் உட்கார்ந்தால் வேடிக்கை பார்க்கவே நாலு பேர் வந்து நிற்பார்கள். மிஷன் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவது. அதைக் கேட்டு ஆள் சைவமோ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திருப்பதியில் அவர் ஊழியம் பார்த்த வருஷங்களில் அவர் ருசி பார்க்காத பிரியாணி அண்டா அந்தச் சபையில் கிடையாது. நல்லி எலும்பை அவர் உறிஞ்சுகிற சத்தத்தில் பக்கத்து இலைக்காரனுக்கு மறுபடியும் பசி எடுக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் எல்லாம் முடிந்தது. குடற்புண் முற்றி, ரத்தமாக வாந்தி எடுத்து, திருப்பதி ஆஸ்பத்திரியில் முக்கால் வயிற்றை அறுத்து எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்த அன்று டாக்டர் வரதராஜன் தன் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

“மிச்சம் இருக்கிறது இவ்வளவுதான் பாஸ்டர்காரு. கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடுங்க. கூழாகிற வரைக்கும் மெல்லணும். இனிப்பு பக்கமே போகாதீங்க. வெளியில போனா வாழைப்பழம், இளநீர், பிஸ்கட்டு, இதோட நிறுத்திக்குங்க.”

உயிர் பிழைத்ததே கர்த்தருடைய கிருபை என்று சபையார் சொன்னார்கள். ஐயரும் பிரசங்க பீடத்தில் நின்று அதையே சொன்னார். வீட்டுக்குள் வந்தால் வேறு கதை. நாலு வாய்க்குள் நெஞ்சுவரை அடைத்துக்கொள்ளும். கை கழுவி அரை மணி ஆவதற்குள் பசி வந்து உட்காரும். பசிக்கிறதே என்று ஒரு வாய் அவசரமாக விழுங்கினால் அது போன வழியே திரும்பி வரும். வயிறு சின்னதாகிவிட்டது, சரி. ஆசையையும் கொஞ்சம் அறுத்து எடுத்திருக்கக் கூடாதா என்று எரிச்சல்படுவார்.

அவர் மனைவி கிருபாபாய் கருவாட்டுக் குழம்பு வைத்தால், “என்னை வதைக்கிறதுக்குன்னே வைக்கிறியா” என்று கத்துவார். பாவம் என்று அவள் வைக்காமல் விட்டால், “நான் செத்தா போயிட்டேன், வீட்ல ஒரு வாசனையே இல்லாம போச்சு” என்று அதற்கும் கத்துவார். அந்த அம்மாள் கடைசியில் சமையலறையில் நின்றபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டாள். அதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம் வந்தது. கோபம் அவள்மேல் இல்லை என்று அவருக்கே தெரியும். வயிற்றை யார் அடிக்க முடியும்?

இந்த நிலையில்தான் சித்தூருக்கு மாற்றினார்கள். டவுன் சபையோடு, திருப்பதி ரோட்டில் ஒரு காலனியில் இருந்த சின்ன ஆலயமும் அவர் பொறுப்பில் வந்தது. முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காலனிப் பெண்கள் வெளியே கல் கூட்டிக் கறிக்குழம்பு கொதிக்க வைத்திருந்தார்கள். ஐயர் கை கூப்பிச் சொன்னார்:

“மன்னிச்சுக்கணும். எனக்கு வயிறு சரியில்லை.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஞானம்மாள் என்ற விதவை சிரித்தாள். மாம்பழக் கூழ் கம்பெனியில் பழம் நறுக்கப் போகிறவள், காலனியில் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. மரியாதையான சிரிப்புதான். “சரிங்க ஐயரே” என்று உள்ளே போய், தோல் உரிக்காத வாழைப்பழம் ரெண்டு, சீவாத இளநீர் ஒன்று, பாக்கெட் பிரிக்காத பிஸ்கட்டு எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். கேட்காமலே டாக்டர் சொன்னதெல்லாம் வந்துவிட்டதே என்று ஐயருக்கு மகிழ்ச்சி. உட்கார்ந்து நிதானமாகப் பழத்தை உரித்துச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் ஜாக்கிரதையாக வீட்டிலிருந்தே டிபன் பாக்ஸ் கொண்டுபோனார். ஆறு வேளையில் ஒரு வேளை ஆராதனைக்கு நடுவிலா வர வேண்டும்? பெண்கள் வெளியே அடுப்பு ஊதிக்கொண்டிருக்க, அவர் அங்கி மாற்றும் அறைக்குள் தனியே குந்தி இட்லியை மென்றுகொண்டிருந்ததை ஜன்னல் வழியாக யாரோ பார்த்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஆலயத்தில் பாதிப் பாய் காலியாக இருந்தது. அதற்கும் அடுத்தது, கிழவிகள் மட்டும்.

ஊழியத்தில் ஐயருக்குக் கைத்துணையான உபதேசியார் சுந்தர்ராஜ் அந்தக் காலனியிலேயே பிறந்தவர். அவர்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே விஷயத்தை உடைத்தார்.

“ஐயரே, தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊட்ல கை நனைக்காதவங்கோ எல்லாரும் சொல்ற வார்த்த அது. வயிறு சரியில்ல. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு போற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. அந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே எங்க ஊடுங்கள்ள உரிக்காத பழம் வெச்சிருப்போம். தீட்டு ஒட்டாது பாருங்க.”

ஐயருக்குக் காது சுட்டது. அவருடைய தாத்தா ஊர்த்தெருக்காரர். ஞானஸ்நானத் தண்ணீரில் அவர் சாதி நனைந்ததா இல்லையா என்று குடும்பத்தில் யாரும் விசாரித்ததில்லை. ஆனால் காலனியில் விசாரித்திருக்கிறார்கள்.

“எனக்கு நிஜமாவே ஆபரேஷன் ஆயிருக்கு சுந்தர்ராஜ்.”

“நான் நம்புறேன் ஐயரே. அவங்க நம்பணுமில்ல? வர்ற சனிக்கெழம ஞானம்மா புது ஊட்ட ஜெபம் பண்ணித் தெறக்கணும். சாப்பாடு கீது. அன்னிக்கி நீங்க துன்னா எல்லாரும் கோயிலுக்கு வருவாங்கோ. இல்லன்னா வேற சபைக்குப் போறதா பேசிக்கினாங்கோ.”

வீட்டுக்கு வந்து கிருபாபாயிடம் பொரிந்து தள்ளினார். பொய் சொல்கிறவனெல்லாம் என் வியாதியைத் திருடிச் சொல்லியிருக்கிறான், நான் உண்மையைச் சொன்னால் பொய்யாகத் தெரிகிறது, இது என்ன நியாயம் என்றார். ஞாயிற்றுக்கிழமை சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டிவிடுகிறேன் என்றார்.

“பீடத்து மேல நின்னா காட்டுவீங்க?” என்றாள் கிருபாபாய். “நானும் சனிக்கிழமை வரேன். பக்குவமா ஏதாவது கொண்டுவந்து...”

“நீ டிபன் கேரியரோட வந்து நின்னா அதோட முடிஞ்சது” என்று அவள் வாயை அடைத்தார். முதல் நாள் பட்டினி கிடந்தால் இடம் உண்டாகும் என்று வெள்ளிக்கிழமை முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். படித்த மனுஷன்தான், பசி கணக்கையும் வயிற்றுக் கணக்கையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்.

ஞானம்மாளின் புது வீடு ஓட்டு வீடு. ஐயர் நிலைப்படியில் நின்று ஜெபித்து, நாலு மூலையையும் ஆசீர்வதித்தார். பிறகு இலை போட்டார்கள். அவருக்கு ஒரு இலைதான். மற்றவர்கள் சுவரோரமாகவும் வாசலிலும் நின்றார்கள். தான் வளர்த்த சேவலை அறுத்திருந்தாள் ஞானம்மாள். ஆனால் முதலில் இலையில் விழுந்தது கேசரி. நெய் மின்னியது.

டாக்டரின் முகம் ஒரு கணம் வந்துபோனது. ஐயர் கேசரியை எடுத்து வாயில் போட்டார். எத்தனையோ மாதம் கழித்து நாக்கில் பட்ட இனிப்பு. அவருக்குக் கண் கலங்கியது. இன்னொரு வாயும் போட்டார். பிறகு சோறும் குழம்பும். மூன்றாவது வாயிலேயே நெஞ்சில் அடைத்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அந்தச் சிரிப்பு மறுபடியும் வரும். மென்றும் மெல்லாமலும் ஒரு கறித்துண்டை விழுங்கினார்.

அவ்வளவுதான். காது அடைத்து, நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. எழுந்தார். நின்றவர்களைத் தள்ளாத குறையாக வாசலைத் தாண்டி, வேலியோரமாகக் குனிந்து, தின்ற அத்தனையையும் கக்கினார். காலனி மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்க சோறு உள்ள நிக்கல பாரு” என்று பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது.

இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு உண்டா? ஐயருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னை இன்னும் உயிரோடு வைத்திருக்கிற தேவனிடம்கூட அந்த நிமிஷம் அவருக்குக் கோபம்தான். சுந்தர்ராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். “ஐயரே, கெளம்பிடலாம். பஸ்ஸ புடிச்சிரலாம்.”

ஐயர் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஞானம்மாள் குனிந்து இலையை எடுக்கப் போனாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

“அத எடுக்காதம்மா” என்றார். “ஒரு பாய் போடு. கொஞ்சம் படுக்கணும்.”

அவளுடைய பாயில், அவளுடைய தலையணையில் படுத்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டி, பொத்தான்களுக்கு நடுவே தழும்பு நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை தெரிந்தது. காட்ட நினைத்தபோது காட்டவில்லை. இப்போது மறைக்க அவருக்குத் தெம்பில்லை. ஞானம்மாள் முறத்தால் விசிறினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

படபடப்பு அடங்கியதும் எழுந்து உட்கார்ந்தார். “பசிக்குது” என்றார்.

“இன்னா ஐயரே, இப்பத்தானே...”

“அப்படித்தாம்மா. கொஞ்சமாப் போடு. இனிப்பு வேணாம். சாப்பிட்டதும் மறுபடியும் பசிக்கும். நான் இங்கயேதான் இருக்கப் போறேன்.”

அவள் ஒரு கரண்டி சோறு வைத்தாள். அவர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். வெளியே பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. அவர் மூன்றாவது வாயில் இருந்தார். நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு மறுபடியும் பசித்தது, மறுபடியும் கேட்டார். பஸ் போகிற சத்தம் கேட்டது. சுந்தர்ராஜ் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வெயில் இறங்கியபோது ஞானம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, ஈரலும் சோறும் தன் கையாலேயே மசியப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி அவர் உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்திருந்தாள்.

“இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா ஐயரே?”

“சொன்னேனேம்மா” என்றார். நாளெல்லாம் அடக்கிவைத்த எரிச்சல் அதில் வந்துவிட்டது. “முதல் ஞாயித்துக்கிழமையே சொன்னேன். யாராவது நம்புனீங்களா?”

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“அவரும் சொன்னாரு. பழைய ஐயரு. நான் நம்புனேன். எல்லாரும் சிரிச்சாங்கோ, நான் மட்டும் நம்புனேன். கேவுரு கஞ்சி காச்சி, துணியில வடிகட்டி, தூக்குல ஊத்தி எடுத்துக்கினு சித்தூருக்கு நடந்து போவேன். நல்லதும்மான்னு வாங்கி வெச்சிக்குவாரு. அவரு வயிறு நல்லாவணும்னு ஒரு லெந்து நோம்புல நாப்பது நாளும் மத்தியானம் துன்னாம இருந்து ஜெபம் பண்ணேன். அப்பறம் ஒருநாளு டவுன்ல ஒரு கண்ணாலத்துல பாக்கறேன், பிரியாணி துன்னுக்கினு கீறாரு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கி.”

ஐயரின் வாயில் சோறு இருந்தது. கூழாகியும் அது இறங்கவில்லை. தன்னை நம்பவில்லை என்று இத்தனை நாள் கொதித்தாரே, அந்தக் கொதிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. செய்தவர் வேறொருவர். ஆனால் அந்த அங்கியைத்தான் இவரும் போட்டுக்கொள்கிறார். வெட்கமாக இருந்தது.

“கம்பெனியில நாளெல்லாம் நின்னு பழம் நறுக்கறவ. மத்தியானமும் சாப்பிடாம எப்படிம்மா தாங்குன?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எனக்கின்னா ஐயரே” என்றாள் ஞானம்மாள், அடுத்த உருண்டையை அவர் கையில் வைத்தபடி. “எங்க வயித்துக்கு அது பழக்கந்தானே.”