இரட்டைச் சுறாப் பலகை

புதுப்பித்த பலகையைத் தோணிரேவுத் துறையில் நாட்டிய காலையில் அங்கிருந்தோர் நால்வர்: வலைநூல் வணிகர் கங்காதரன், அவர் மனைவி லோகநாயகி, உப்புநீர் ஏரியில் மீன்பிடிக்கும் மருமகன் சுபாஷ், பொன்னேரியிலிருந்து வந்த ஓவியர் சுப்பராயலு. செம்பை உருக்கி வார்த்தாற்போல் ஏரி விரிந்து கிடக்க, வலைக்கழிகளின்மேல் நீர்க்காகங்கள் சிறகுலர்த்தி நிற்க, வாடைக்காற்று உப்பையும் கருவாட்டு மணத்தையும் ஒருசேரச் சுமந்து வர, பலகையின் மஞ்சள் தகடு இளவெயிலைத் தன்மேல் ஏந்திக்கொண்டது.

இரட்டைச் சுறா முத்திரை வலைநூலை இக்கரைக்கு முதன்முதல் கொணர்ந்தவர் கங்காதரனின் தந்தை ஜெகதீஸ்வரன். நூலாலையார் மகிழ்ந்தளித்த அவ்விளம்பரப் பலகையின் அடியில் அவர் பெயர் பொறித்திருந்தது. ஆலை மூடியது, உப்புக்காற்று சுறாக்களின் வாலைத் தின்றது, சென்ற புயல் கம்பத்தையே சாய்த்தது. துருவைச் சுரண்டி, பழைய மஞ்சளையே தேடிப் பூசி, தந்தையின் பெயரை எழுத்தெழுத்தாய் மீட்பித்த கங்காதரன், சாலையிற் செல்வோர் யாவரும் அதைக் காணட்டும் என்று, பனிக்கட்டிக் கொட்டகை மறைத்த பழைய குழியை விடுத்துத் தெற்கே பத்தடி தள்ளி, தம் வாயிலுக்கு நேரே மேடையெழுப்பி நாட்டினார்.

மறுவாரம் மாரி என்னும் மீனவன் வந்து நின்றான்.

"இன்னாத்துக்கு நைனா பலகைய நவுத்தினீங்க?"

"எங்க நைனா பலகை. எங்க வேணா நிக்கும்."

"பலகை உங்குளுது. அது காட்டற எல்லை எங்குளுது. பலகையையும் பின்னால இருக்கற ஒத்தப் பனையையும் நேராப் பாத்துதான் பாட்டுக்குப் பாடு கோடு. சீட்டுல எனக்கு விழுந்த தண்ணில இப்ப உங்க மருமவன் வல கட்டறாரு. கரையில குந்திக்கினு நூல் விக்கறவருக்கு இது தெரியாதா, இல்ல நல்லாவே தெரியுமா?"

சீட்டுக் குலுக்கி மீனவர் பகிர்ந்துகொள்ளும் நீர்ப்பரப்பே பாடு. நீரில் இறங்கியறியாத கங்காதரன், பலகையில் தந்தையின் பெயரையன்றி வேறெதையும் கண்டவரல்லர். அவர் மருமகனை அழைத்துக் கேட்டார்.

"நடும்போதே தெரியும் மாமா," என்றான் சுபாஷ். "உங்ககிட்ட யாரு சொல்றது? பலகை காட்டன எடத்துல கட்டனேன்."

மாரிமேல் எழுந்து, மருமகன்மேல் பாய்ந்த சினம், போக்கிடமின்றி, கரையில் மோதிய அலையென அவரிடமே மீண்டது. பலகையைப் பிடுங்கினால் களவை ஒப்பியதாகாதோ என்று எண்ணியெண்ணி உழன்றார்.

"நவுத்தினா திருடன்னு சொல்லுவாங்க," என்றாள் லோகநாயகி. "நவுத்தலேன்னா திருடனாவே இருப்பீங்க. எது வேணும்?"

கங்காதரன் கடப்பாரையை எடுத்தார். படகுகள் கரையடையும் பட்டப்பகலில், அனைவரும் காண, தம் கையாலேயே மேடையை உடைத்தார். பழைய குழியில் கம்பத்தை நிறுத்தி மெல்ல மெல்ல நகர்த்த, பலகையும் பனையும் பொருந்திய கணத்தில், ஏரிநடுவே தன் பழைய எல்லையில் நின்ற மாரி நேராயிற்றென்று துடுப்பை உயர்த்தினான்.

இன்று பனிக்கட்டிக் கொட்டகைக்குப் பின்னே நிற்கும் அப்பலகையைச் சாலையிற் செல்வோர் காண்பதில்லை. தந்தையின் பெயரை நண்டும் நாரையும் படிக்கின்றன என்று கங்காதரன் இன்றும் முணுமுணுக்கிறார். மானம் காத்தவர்க்கும் மனம் ஆறிவிடுவதில்லை.

ஊர் கூடித் தீர்ப்பளித்த பிறகே அவர் கம்பத்தைப் பிடுங்கினார் என்று பக்கத்து ஊரான பசியாவரத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஊர் கூடவேயில்லை.