மூன்று மனுக்களும் ஒரு சேட்டும்

...இல்லை, இது மண்கும்பான் ஏரம்பு அண்ணையின் மகனுக்கான மனு, அன்னபூரணம் அக்காவினது இதற்குப் பின்னால், என் தம்பியினது அதற்கும் பின்னால், மூன்றையும் ஒரேயடியாகத் திறந்து வை என்று எந்தப் பேய் சொன்னது, றோஸ் தன்னையே திட்டிக்கொண்டாள். ஜெர்மனியிலிருந்து இந்தக் கம்பியூட்டர் ஊர்காவற்றுறைத் தேவாலயத்து அறைவீட்டுக்கு வந்த நாளில் எத்தனை கடிதமென்றாலும் ஒன்றாக ஞாபகம் வைத்திருக்கும் என்று பங்குச் சுவாமி பெருமைப்பட்டார்... அது வைத்திருக்கும், என் மண்டையல்லவா மாட்டேன் என்கிறது. வெளியே ஜெனரேட்டர் இருமுகிறது, எண்ணெய் அடியைத் தொட்டுவிட்டது, அது நின்றால் திரையில் இருப்பதெல்லாம் போச்சு. சுற்றிவளைப்பில் பிடிபட்ட பெடியன்களுக்காகச் சுவாமி இப்போதே முகாமுக்குப் போக வேண்டும், நாளைக்கு அவர்களை வேறு எங்கேயோ ஏற்றிவிடுவார்களாம். பட்டாளத்துக்காரரின் வாயில் நம் பெயர்கள் நுழைவதில்லை, உடுப்பைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள், உடுப்பு எழுதாத மனு அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

ஏரம்பு அண்ணையினது அச்சாகி வந்துவிட்டது, இடுப்பில் பச்சைச் சாரம், வெறும்மேல், சரி. இனி அன்னபூரணம் அக்கா, சுருவிலிலிருந்து நடந்தே வந்து பக்கத்துக் கதிரையில் இருக்கிறா... ஆனால் உடுப்பு எங்கே, இப்போதுதானே அடித்தேன், ஏன் இந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது? கடவுளே, எதற்குள் போய் அடித்தேன்?

"அக்கா, மகன் என்ன சேட்டு போட்டிருந்தவன் எண்டனீங்கள்?"

"நீலக்கோடன், பிள்ளை. இப்பதானே சொன்னனான்."

மறுபடி அடித்து, அச்சுக்குக் கொடுத்துவிட்டு, தம்பியின் மனுவை முன்னுக்குக் கொண்டுவந்தாள். அங்கே இருந்தது, பொனிப்பாஸ் என்ற பெயருக்குக் கீழே, நீலக்கோடு போட்ட சேட்டு. அழிக்க வேண்டும், ஒரு விசைதான், அழித்துவிட்டு... எதைப் போடுவது? அவன் பிடிபட்ட அன்றைக்குக் காலையில் குசினியில் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், வாறன் அக்கா என்றான், படலையைச் சாத்திவிட்டுப் போ என்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளையா, மண்ணிறமா? கொடியில் அவனுடைய இரண்டு சேட்டுகள் கிடக்கின்றன, போட்டுக்கொண்டு போன மற்றது என்ன நிறம், நான்தானே கிழமைக்குக் கிழமை தோய்க்கிறேன், எனக்கு ஏன் தெரியவில்லை? வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, அழ நேரமில்லை. ஜெனரேட்டர் ஒருமுறை விக்கியது, எழுத்துக்கள் மங்கித் திரும்பி வந்தன.

சுவாமி வாசலில் நின்று, பொனிப்பாஸின் மனு முடிந்ததா என்று கேட்டார். அன்னபூரணம் அக்கா திரையை எட்டிப் பார்த்தா, அவவுக்கு இங்கிலீசு தெரியாது.

"உம்மட தம்பி என்ன போட்டிருந்தவன், பிள்ளை?"

"அவனும் நீலக்கோடன்தான் அக்கா."

வாய் சொல்லிவிட்டது, விரல் அச்சுக்குக் கொடுத்துவிட்டது. அன்னபூரணம் அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியென்றால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள், ஒருவனுக்கு ஒருவன் துணை என்று சொல்லி றோஸின் கையைப் பிடித்துக்கொண்டா. அச்சு யந்திரம் கறகறத்தது... முகாமில் நீலக்கோடனை வா என்று கூப்பிட்டால் ஒருவன் எழும்புவான், அவன் இவவுடைய மகன், அவனை எந்த மனுவுக்கு விடுவார்கள்? தம்பியினதுக்கு என்றால், அக்காவின் மனுவைப் பார்த்து, அந்தச் சேட்டுக்காரன் அப்போதே போய்விட்டானே என்று திருப்பி அனுப்பிவிட்டு, அவனைப் பொனிப்பாஸ் என்று எழுதி, பொனிப்பாஸை விட்டாயிற்று என்றால், உள்ளே கிடக்கிற என் தம்பி... கடதாசியைக் கிழித்தெடுத்துச் சுவாமியிடம் நீட்டினாள், அக்கா இன்னும் மற்றக் கையை விடவில்லை.